வழக்கமான மூன்று வரி

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைச் சந்து முடிந்து துணிக்கடைச் சந்து தொடங்கும் முக்கில் ‘தண்டு மித்திரன்’ வாரப் பத்திரிகையின் அச்சகம் இருந்தது. தண்டு என்றால் அந்த ஊரில் கன்டோன்மென்ட். கீழே மிஷின். மரப்படி ஏறினால் எழுத்துக் கோக்கும் இடம். அதற்கும் அப்பால், தட்டி மறைப்புக்குள் ஆசிரியர் வெங்கடராமன். வெள்ளிக்கிழமை விடிந்தால் பத்திரிகை கடைகளில் தொங்கியாக வேண்டும். அதனால் வியாழக்கிழமை என்றால் அந்த மாடியில் ஒருவருக்கும் தும்மக்கூட நேரம் இருக்காது.

தனக்கோடி அங்கே வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலில் பத்திரிகை மடிக்கத்தான் வந்தாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, அச்சாகி முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து அந்தந்தக் கட்டத்தில் போடச் சொன்னார்கள். கோழி அரிசி பொறுக்குகிற வேகத்தில் அவள் விரல்கள் ஓடுவதை ஃபோர்மன் ஓஸ்வால்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மறுநாளே அவளை எழுத்துக் கோக்க நிறுத்திவிட்டார். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் வராது. இந்த மூன்று வருஷத்தில் ஆசிரியரிடம் அவள் சொன்னது, “ஆமாம் சார்”, “இல்லை சார்” இரண்டும்தான்.

எந்த அச்சகத்திலும் பிரிக்காமல் வைத்திருக்கிற வரிகள் சில இருக்கும். வாராவாரம் வருகிற சமாசாரத்தை வாராவாரம் புதிதாகக் கோப்பானேன்? ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று ஒன்று. ‘அன்னாரின் பிரிவால் வாடும்’ என்று ஒன்று. சணலால் கட்டி, சுவர் ஓரப் பலகையில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றில் அதிகம் தேய்ந்தது போலீஸ் செய்திக்கான மூன்று வரி:

‘போலீசார் தக்க முறையில் விசாரித்ததில், அவன் தன் குற்றம் முழுவதையும் ஒப்புக்கொண்டான். களவுபோன சொத்தும் கைப்பற்றப்பட்டது.’

அந்தக் கட்டுக்கு அச்சகத்தில் ‘வழக்கம்’ என்று பெயர். பிடிபட்டது பெண்ணாக இருந்தால் இரண்டு எழுத்தை மாற்றினால் போதும். நிருபர் கோவிந்தப்பா தினமும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே வாங்கிக் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, துண்டுச் சீட்டில் பெயர், ஊர், பொருள் மூன்றையும் எழுதி வருவார். கீழே ‘வழக்கம்’ என்று கிறுக்கியிருப்பார். அவ்வளவுதான் செய்தி. பெயரையும் பொருளையும் கோத்து, கட்டை எடுத்து அடியில் வைத்தால் முடிந்தது வேலை. அச்சானதும் மண்ணெண்ணெயில் துடைத்து மறுபடி பலகையில் வைப்பது தனக்கோடியின் பொறுப்பு. நூறு தடவை துடைத்திருப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவையும் நின்று யோசித்ததில்லை.

அந்த டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கோவிந்தப்பா மூச்சு வாங்கப் படியேறி வந்து நான்கு சீட்டுகளை அவள் முன்னால் போட்டார்.

“இந்தா மா தனக்கோடி. மூணு திருட்டு, ஒரு மாடு காணோம். மாட்டுக்கு மட்டும் வழக்கம் வேணாம், அது இன்னும் ஒத்துக்கலை.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு வெற்றிலையை மடித்தார்.

முதல் சீட்டைக் கோத்தாள். இரண்டாவதைக் கோத்தாள். மூன்றாவது சீட்டில், ‘முனிராஜ், வயது 22, அடுகோடி, சுண்ணாம்பு அடிப்பவன். காக்ஸ் டவுன் மிஸ் டோரதி வீட்டில் வெள்ளி டீபாட். வழக்கம்’ என்று இருந்தது.

அவள் கை, பழக்கத்தில், ‘மு’வை எடுத்துவிட்டது. ‘னி’யையும் எடுத்துவிட்டது. ‘ரா’வுக்குப் போகும்போதுதான் நின்றது.

முனிராஜ் அவள் தம்பி. கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் காக்ஸ் டவுனில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு நடக்கும். வேலை மிஞ்சினால் அங்கேயே சாக்கை விரித்துப் படுத்துவிடுவான். நேற்று இரவு அவன் வராதபோதும் அவள் அப்படித்தான் நினைத்தாள். அவன் பங்குக் களியை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

“அண்ணா,” என்றாள். கோவிந்தப்பா திரும்பவில்லை. அவள் குரல் அவ்வளவுதான். “அண்ணா! இது என் தம்பி.”

கோவிந்தப்பாவின் வாயில் வெற்றிலை நின்றது. ஓஸ்வால்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் தம்பியா? ஸ்வல்ப இரு. வேற முனிராஜா இருக்கும் மா.”

“அடுகோடியில சுண்ணாம்பு அடிக்கிற முனிராஜ் வேற யாரும் இல்லண்ணா. என்ன சொன்னான்? எடுத்தேன்னு சொன்னானா?”

“இன்னும் சொல்லலை.”

“சொல்லலைன்னா? வழக்கம்னு எழுதியிருக்கீங்களே.”

கோவிந்தப்பா சங்கடத்தோடு பின்கழுத்தைத் தேய்த்தார். “எப்படியும் சொல்லிடுவான் மா. விசாரிக்கிற ஏட்டு மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. அஞ்சு மணிக்குத்தான் வருவாரு. வந்ததும் விசாரிப்பாங்க. பேப்பர் நாளைக்குத்தானே வருது? வர்றப்போ சரியா இருக்கும். நான் எப்பவும் அப்படித்தான் கொடுக்கிறது. ஒரு தடவையும் தப்பினதில்லை.”

ஒரு தடவையும் தப்பினதில்லை. தனக்கோடிக்கு, பக்கத்து வரிசை வீட்டுப் பாஞ்சாலியின் புருஷன் நினைவுக்கு வந்தான். சைக்கிள் திருட்டு என்று போன தீபாவளிக்கு முன்னால் பிடித்துப்போனார்கள். அவனுக்கும் இந்தப் பலகையிலிருந்துதான் கட்டு போயிற்று. அவள்தான் எடுத்து வைத்தாள். அவன் திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இன்றுவரைக்கும் பாஞ்சாலிதான் அவனுக்குத் தலை வாரிவிடுகிறாள். அந்தக் கையையும் இந்த மூன்று வரியையும் அவள் இதுவரை சேர்த்துப் பார்த்ததே கிடையாது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். ஐந்து மணிக்கு ஏட்டு வந்துவிடுவார்.

தட்டி மறைப்புக்குள் அவள் தானாக நுழைந்தது அதுதான் முதல் தடவை. வெங்கடராமன் தலையங்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓஸ்வால்ட்தான் பின்னாலேயே வந்து விஷயத்தைச் சொன்னார்.

“அடடா,” என்றார் ஆசிரியர். நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டார். “ஏம்மா, அந்தச் செய்தியையே எடுத்துடறேன். போதுமா? உன் குடும்பத்துக்கு ஒரு அவமானம் வேண்டாம்.”

தனக்கோடி தலையை ஆட்டப் போனாள். ஆட்டவில்லை. செய்தியை எடுத்துவிட்டால் ஏட்டு வராமல் இருந்துவிடுவாரா?

“எடுத்தா அடிக்க மாட்டாங்களா சார்?”

வெங்கடராமன் மேஜையைப் பார்த்தார். “அது நம்ம கையில இல்லையேம்மா. போலீஸ் சொல்றதைப் போடறோம். அவா உள்ளே என்ன பண்றான்னு நாம போய்ப் பார்க்க முடியுமா? அந்த வரியில தப்பா ஒண்ணும் இல்லையே. தக்க முறையில விசாரிச்சதாத்தானே போட்டிருக்கு.”

அவர் மூன்று வரியையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அவள் அவற்றை வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதால் கேட்டாள். முதல் வரி. இரண்டாம் வரி. ‘களவுபோன சொத்தும் கைப்பற்றப்பட்டது’ என்று மூன்றாம் வரி வந்ததும் அவளுக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்தது.

“எடுக்க வேணாம் சார். இருக்கட்டும். கட்டோட சேர்த்து எனக்கு ஒரே ஒரு புரூப் மட்டும் போட்டுக் கொடுங்க. நான் காக்ஸ் டவுன் வரைக்கும் போய்ட்டு வர்றேன்.”

“இன்னைக்கு வியாழக்கிழமை, மேன்!” என்று ஓஸ்வால்ட் கத்தினார். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லாரும் மேன்தான். கத்திக்கொண்டே உருளையில் மை தடவினார். பெயரின் மிச்சத்தையும் கோத்து, கட்டை அடியில் வைத்தவள் தனக்கோடிதான். ஈரத் தாளை அதன்மேல் அமுக்கி எடுத்துக் கொடுத்தவர் அவர்.

மை காயாத தாளை இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பஸ்ஸில் ஏறினால் யாராவது மேலே சாய்ந்து கலைத்துவிடுவார்கள். மசூதியையும் சர்ச்சையும் தாண்டி, மரநிழல் விழுந்த தெருக்களுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. மிஸ் டோரதி வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முன்சுவர் பளீரென்று வெள்ளையாகவும், வராந்தா பாதி பழுப்பாகவும் நின்ற வீடு அது ஒன்றுதான். பாதியில் விட்டுப்போன இடத்தில் ஏணி சாத்தியபடியே இருந்தது. அது தம்பியின் ஏணி.

டோரதி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. உயரமான, நரைத்த அம்மாள். கதவைத் திறந்ததும் தனக்கோடியின் மைக் கறையைத்தான் முதலில் பார்த்தார்.

“யாரும்மா நீ? என்ன வேணும்?”

“பேப்பர்ல இருந்து வர்றேன் மிஸ்.” தாளை நீட்டினாள்.

டோரதி கண்ணாடி மாட்டி, நின்றபடியே படித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. “கைப்பற்றப்பட்டது! தேங்க் காட். அது எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த டீபாட் மா. கிறிஸ்துமஸுக்கு டேபிள்ல அது இல்லாம எப்படின்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை. இரு, ஷூ போட்டுட்டு இப்பவே ஸ்டேஷன் போறேன்.”

தனக்கோடி எண்ணியது இவ்வளவுதான். பொருளைப் பறிகொடுத்தவர் போய், எங்கே என் பொருள் என்று கேட்க வேண்டும். கேட்டால் அவர்களிடம் இருக்காது. பேசாமல் நின்றிருந்தால் அது நடந்துவிடும். அந்த அம்மாள் உள்ளே போய் ஷூவை எடுத்துவிட்டார். ஆனால் சந்தோஷத்தில் அவர் கயிறு கட்டத் தடுமாறுவதைப் பார்த்தபோது, பேசாமல் நிற்க அவளால் முடியவில்லை.

“மிஸ், அது நிஜமில்லை.”

“எது?”

“ஒத்துக்கிட்டான்னு போட்டிருக்கிறது. டீபாட் கிடைச்சதுன்னு போட்டிருக்கிறது. அதெல்லாம் நான் வெச்சது.”

“நீ வெச்சதா?”

“எழுத்துக் கோக்கிறவ மிஸ் நான். அந்த மூணு வரி எப்பவும் கட்டி ரெடியா இருக்கும். எல்லாருக்கும் அதையேதான் எடுத்து வைப்போம். அவனை இன்னும் கேக்கவே இல்லை. அஞ்சு மணிக்கு ஏட்டு வந்துதான் கேப்பாராம்.” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “அவன் என் தம்பி.”

டோரதி ஒரு ஷூ போட்ட காலும் ஒரு வெறுங்காலுமாக அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி என்ற சொல்லில் முகம் ஒரு கணம் இறுகியது. அதற்குள் வேறு ஏதோ அவரைப் பிடித்துக்கொண்டது.

“அப்போ போன வாரம் நான் படிச்சேனே, கோழி திருடினவன்?”

“அதேதான் மிஸ்.”

“அதுக்கு முந்தின வாரம், கோயில் உண்டியல்?”

“அதே மூணு வரிதான். துடைச்சுத் துடைச்சு வைக்கிறது.”

“வெள்ளிக்கிழமைதோறும் காபியோட இதைப் படிச்சுட்டு, நம்ம போலீஸ் பரவாயில்லையேன்னு என் தங்கை மௌரீன்கிட்ட சொல்வேன்.” அவர் தாளை மறுபடி பார்த்தார். “தக்க முறைன்னா என்னம்மா?”

தனக்கோடி பாஞ்சாலி புருஷனின் கையைப் பற்றிச் சொன்னாள். தலை வாரிவிடுவதைச் சொன்னாள். அதற்கு மேல் டோரதி கேட்கவில்லை. இன்னொரு ஷூவைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்தார்.

“உன் தம்பி எடுத்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள வந்தவன் அவன் ஒருத்தன்தான், அதனால அவன் பேரைச் சொன்னேன். ஆனா எனக்கு வேண்டியது டீபாட். அவன் கை இல்லை. நட.”

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். மிஸ் டோரதியைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். “பன்னி மிஸ், குத்கொள்ளி,” என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொன்னார். “என்ன விஷயம்?”

“டீபாட்டை வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“எந்த டீபாட்? அது இன்னும் சிக்கலையே மிஸ்.”

டோரதி புரூப்பை மேஜைமேல் வைத்தார். சப்-இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டார். ரைட்டர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் படிப்பதுபோல் உரக்கப் படித்து, ‘கைப்பற்றப்பட்டது’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யார் கொடுத்தது இதை?”

“உங்க ஸ்டேஷன் செய்தின்னுதானே போட்டிருக்கு? நாளைக்குக் காலையில தண்டு பூரா இதைப் படிக்கும். சர்ச்சில எல்லாரும் என்னைக் கேப்பாங்க, டீபாட் வந்துடுச்சாமேன்னு. இல்லைன்னு நான் சொல்லணும். அப்போ பிடிச்ச டீபாட் ஸ்டேஷன்லேருந்து எங்கே போச்சுன்னு அவங்க கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும், சார்?”

சப்-இன்ஸ்பெக்டர் பல்குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார். திருடன் என்றால் அவருக்கு வழி தெரியும். பிடிக்காத டீபாட்டைப் பிடித்ததாகச் சொல்லும் பத்திரிகையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஏட்டு வரட்டும் மிஸ். அவர் விசாரிச்சா அரைமணி நேரம்தான். உண்மை தானா வந்துடும்.”

“அது வராது. நானும் ஆரம்பத்துல பிரம்பு எடுத்துப் பார்த்தவதான். இங்க் பாட்டிலை யாருடா உடைச்சதுன்னு அடிச்சா, நாலாவது அடியில முப்பது பசங்களும் ‘நான்தான் மிஸ்’னு நிக்கும். பாட்டில் ஒண்ணு, உடைச்சவன் முப்பது! அந்தப் பையனை வெளியே கூப்பிடுங்க. பத்து நிமிஷம் நான் பேசறேன்.”

முனிராஜை அழைத்து வந்தார்கள். தலையிலும் புருவத்திலும் சுண்ணாம்பு அப்படியே காய்ந்திருந்தது. இடது காது பணியாரம்போல் வீங்கியிருந்தது. பிடிக்கும்போதே யாரோ அறைந்திருக்க வேண்டும். தனக்கோடியைக் கண்டதும் அவன் கண் விரிந்தது.

“அக்கா! நீ ஏன் இங்க வந்தே? இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே!”

அவள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முனிராஜ், இங்க பாரு,” என்றார் டோரதி. வகுப்பறைக் குரல். “திங்கட்கிழமை எந்த ரூம்ல ஆரம்பிச்சே?”

“ஹால் மிஸ்.”

“ஹால்ல இருந்த சாமான் எல்லாம் என்ன ஆச்சு?”

“நான் தொடலை மிஸ். சின்ன மிஸ்தான் வெள்ளிச் சாமான் எல்லாம் ஒரு பெட்ஷீட்டில போட்டு சாப்பாட்டு மேஜைக்கு எடுத்துட்டுப் போனாங்க. நான் பீரோவை நகர்த்தினேன்.”

“அப்புறம்?”

“அடுத்த நாள் கூரை. ஏணி மேல இருந்தேன். கண்ணுல சுண்ணாம்பு விழுந்து பேஜாராயிடுச்சு. சின்ன மிஸ் தண்ணி கொடுத்தாங்க.”

“அவசரம் இல்லை. யோசிச்சுச் சொல்லு. கண்ணைக் கழுவினதுக்கு அப்புறம் வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

முனிராஜ் யோசித்தான். ரைட்டர்கூடப் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“பாலிஷ்காரர் வந்தாரு மிஸ். சாக்குப் பை வெச்சிருந்தாரு. நம்ம சிவாஜிநகர்ல ஈயம் பூசறாரே, தாடி வெச்ச சாயபு, அவருதான். சின்ன மிஸ் டீபாட்டைக் கொடுத்து, மூக்கு கறுத்துப்போச்சு, கிறிஸ்துமஸுக்குள்ள வேணும்னு சொன்னாங்க. அவரு பேரம் பேசினாரு. நான் மேல இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

டோரதியின் கை நெஞ்சுக்குப் போயிற்று. தங்கை மௌரீன் அன்று சாயங்காலமே ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். சகோதரர் மகளுக்குப் பிரசவம். தந்தி வந்த அவசரத்தில் பாலிஷ் சமாசாரத்தை யாரிடமும் சொல்லவில்லை.

“ஏண்டா!” என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். “இதை நேத்தே ஏன் சொல்லலை?”

“எடுத்தியாடான்னு கேட்டீங்க சார். எடுக்கலைன்னேன்.” முனிராஜ் காதைத் தடவிக்கொண்டான். “எங்க போச்சுன்னு என்னைக் கேக்கவே இல்லையே.”

ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் சிவாஜிநகருக்கு வந்தார்கள். ஈயம் பூசும் கடையில், பித்தளை அண்டாக்களுக்கும் பிரியாணி தேக்சாக்களுக்கும் நடுவே, ஒரு கொக்கியில் அந்த டீபாட் பளபளத்துத் தொங்கியது. “நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?” என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார். போலீஸ் எதற்கு வந்திருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. கான்ஸ்டபிள் நோட்டில் ஏதோ எழுதி, டோரதியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நீ போலாம்” என்று முனிராஜிடம் சொல்லிவிட்டுப் போனார். மணி நாலரை.

டோரதி டீபாட்டைக் குழந்தைபோல் இடுப்பில் அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். பைபிளில் வருகிற சுத்தத் தமிழில், “நான் உனக்கு அநியாயம் செய்தேன். என்னை மன்னித்துவிடு” என்றார்.

முனிராஜ் வெட்கப்பட்டு நெளிந்தான். “பரவால்ல மிஸ். வராந்தாவுக்கு இன்னும் ஒரு கோட் அடிக்கணும். நாளைக்கு வர்றேன்.”

தனக்கோடி பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவன் காதுக்கு ஈரத்துணி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். “எங்க வீட்டுல ஐஸ் இருக்கு, நாளைக்கு வர்றப்போ நானே வைக்கிறேன்” என்றார் டோரதி. அதற்கு அவள் தலையசைத்தாள்.

அச்சகத்தில் ஓஸ்வால்ட் உலாத்திக்கொண்டிருந்தார். பக்கம் மூன்றில் முனிராஜின் செய்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும் படியேறி வருவதைப் பார்த்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டு, உடனே, “மணி என்ன ஆச்சு பார்த்தியா மேன்?” என்று கத்தினார்.

நடந்ததை வெங்கடராமன் முழுவதும் கேட்டார். பிறகு, “கோவிந்தப்பா, அந்த எட்டு வரி இடத்துக்கு இதை எழுதும்” என்றார்.

“நானா சார்? எதைப் பார்த்து?”

“எதையும் பார்த்து இல்லை. அவன்தான் எதிர்ல நிக்கறானே. அவனைக் கேட்டு எழுதும். யார் பேரும் வேண்டாம், எந்த ஸ்டேஷன்னும் வேண்டாம். நடந்ததை எழுதும். மத்த ரெண்டு திருட்டுக்கும் வழக்கம் வேண்டாம். பிடிச்சாங்க, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அவ்வளவே போடும்.”

கோவிந்தப்பா பத்து வருஷமாக நிருபர். சீட்டு எழுதுவதில் புலி. ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்து என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்த முனிராஜுக்கு முன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“சரி தம்பி. சொல்லு.”

“என்ன சொல்லட்டும்ணா?”

“அதான்... நடந்ததை.”

“எங்கேருந்துண்ணா?”

“முதல் நாள் எந்த ரூம்ல ஆரம்பிச்சேன்னு கேளுங்கண்ணா,” என்றாள் தனக்கோடி, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் கண் வைத்தபடியே.

கேட்டார். முனிராஜ் ஆரம்பித்தான். கோவிந்தப்பா எழுத எழுத, தாள் தாளாகக் கிழித்து அவள் எழுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். ஹாலில் ஆரம்பித்தது, பீரோ நகர்ந்தது, கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. இடையில் அவன் சுண்ணாம்பில் நீலம் கலக்கும் பக்குவத்தைச் சொல்லப் போய்விட்டான். கோவிந்தப்பாவுக்குக் கேட்கிற ருசி வந்துவிட்டது. “எவ்வளவு நீலம்?” என்று அதையும் விசாரித்தார்.

“எட்டு வரி!” என்று ஓஸ்வால்ட் கீழேயிருந்து கத்தினார். “எட்டு வரிக்குமேல் போச்சுன்னா மிஷின்ல என் தலையைத்தான் வைக்கணும்!”

அவள் அப்போது பதினோராவது வரியில் இருந்தாள். முனிராஜ், காதில் அடித்தது யார், எத்தனை தடவை என்ற இடத்துக்கு வந்திருந்தான். கோவிந்தப்பா பென்சிலை நிறுத்திவிட்டு ஆசிரியரைப் பார்த்தார். வெங்கடராமன் தட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதும்,” என்றார். உள்ளே போய், தன் தலையங்கத்தின் புரூப்பை எடுத்து வந்தார். தேசத்தின் எதிர்காலம் பற்றிய கடைசிப் பத்தியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

“இது ஒம்போது வரி இருக்கும்மா. அந்த இடத்தையும் எடுத்துக்கோ. போதுமா?”

தனக்கோடி தாள்களைக் கண்ணால் அளந்தாள்.

“இன்னும் ரெண்டு வரி வேணும் சார்,” என்றாள்.